‘ஆகவே’ என்ற ஒரு சொல்: மலேரியா ஒட்டுண்ணியின் கொழுப்பும் பெங்களூரின் ஒரு கட்டுரையும்

சென்ற வாரம் எங்கள் துறையின் ஆய்வரங்கில், அண்மையில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்த மாணவி ஒருவர் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்துரைத்தார். முடிவில் அவரே ஒரு கேள்வியையும் எழுப்பினார்: “இக்கட்டுரையின் மையக் கருத்து ஏழே ஆண்டுகளில் மறுக்கப்பட்டுவிட்டது. பிறகு ஏன் இதை இன்னும் படிக்கிறோம்?” அரங்கில் யாரும் நிறைவான விடை கூறவில்லை, நானும் கூறவில்லை. அதன்பின் சில இரவுகள் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அதன் விளைவே இப்பதிவு. சற்று நீளமானது; பொறுத்துக்கொள்க.

மலேரியாவை நாம் குளிராகவும் காய்ச்சலாகவும் அறிவோம். உயிர்வேதியியல் நோக்கில் அது ஓயாத சவ்வு உற்பத்தி. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்தால், ஏறத்தாழ 48 மணி நேரத்தில் 16 முதல் 32 சேய்களாகப் பெருகி வெளியேறுகிறது. ஒவ்வொரு சேய்க்கும் தனி உறை வேண்டும். உள்ளிருக்கும் நுண்ணுறுப்புகளுக்கும் உறைகள் வேண்டும். உறை என்பது பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு. அதன் வால்பகுதியே கொழுப்பு அமிலம். முதிர்ந்த சிவப்பணுவுக்கோ உட்கருவும் இல்லை, கொழுப்பு அமிலத்தைப் புதிதாக ஆக்கும் திறனும் இல்லை. அவ்வாறாயின் ஒட்டுண்ணிக்கு வேண்டிய கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

நெடுங்காலம் இதற்கு ஒரே விடை இருந்தது: களவு. 1976இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் ஃபால்சிபாரத்தை ஆய்வகக் குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டனர். அவ்வளர்ப்பு ஊடகத்தில் மனிதக் குருதிநீர் இன்றியமையாததாக இருந்தது. 1977இல் ஜார்ஜ் ஹோல்ஸ், மலேரியா ஒட்டுண்ணியின் லிப்பிடுகள் பற்றி அதுவரை அறிந்தவற்றைத் தொகுத்து எழுதினார். அத்தொகுப்பின் சாரம் இதுதான்: ஒட்டுண்ணி கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்குவதில்லை, ஓம்புயிரியிடமிருந்து பெற்றுத் தன் தேவைக்கேற்ப அடுக்கிக்கொள்கிறது. இருபது ஆண்டுகள் பாடநூல்கள் இதையே கூறின.

1990களில் ஒரு வியப்பு நேர்ந்தது. இந்த ஒட்டுண்ணிக்குள் ஏறத்தாழ 35,000 கார இணைகள் கொண்ட வட்டவடிவ டி.என்.ஏ ஒன்று இருப்பது தெரிந்திருந்தது. லண்டனின் மில் ஹில்லில் இயங்கிய தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் இயன் வில்சன் குழுவினர் 1996இல் அதன் முழு மரபணு வரைபடத்தை வெளியிட்டனர். அது தாவரங்களின் பசுங்கணிகத்தை ஒத்திருந்தது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஜெஃப்ரி மெக்ஃபேடன், டேவிட் ரூஸ் முதலியோரின் குழுக்கள் அந்த டி.என்.ஏ தங்கியிருக்கும் நுண்ணுறுப்பை அடையாளம் கண்டன. நான்கு சவ்வுகளால் சூழப்பட்ட அதற்கு அபிகோபிளாஸ்ட் என்று பெயர். தொல்பழங்காலத்தில் இவ்வுயிரியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியது. அப்பாசியின் எச்சமே இது. ஒளிச்சேர்க்கை அற்றுப்போய்விட்டது, கணிகம் மட்டும் எஞ்சியது.

பயனற்ற உறுப்பை இத்தனை கோடி ஆண்டுகள் ஓர் உயிரி சுமந்து வருமா? 1998இல் ராஸ் வாலர் முதலியோர் ஒரு விடை தந்தனர். கொழுப்பு அமிலத்தை ஆக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள் ஒட்டுண்ணியின் உட்கருவில் இருந்தன. அந்நொதிகள் அபிகோபிளாஸ்ட்டுக்குள் அனுப்பப்பட்டன. மேலும், அவை நம் உடலில் உள்ள வகையும் அல்ல. மனித உடலில் கொழுப்பு அமில ஆக்கத்தின் எல்லாப் படிகளையும் ஒரே பெரும் புரதம் செய்து முடிக்கிறது. பாக்டீரியாவிலும் தாவரக் கணிகத்திலும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதி உண்டு. ஒட்டுண்ணியினது இந்த இரண்டாம் வகை. நம்மிடம் இல்லாத நொதியைத் தாக்கும் மருந்து நம்மைத் துன்புறுத்தாது. மருந்து தேடுவோருக்கு இதைவிட இனிய செய்தி உண்டோ?

அதே 1998இல், தொடர்பில்லாத வேறொரு துறையில், பற்பசையிலும் சோப்பிலும் பல்லாண்டுகளாகக் கலக்கப்பட்டுவந்த ட்ரைக்ளோசான் என்னும் கிருமிக்கொல்லி எவ்வாறு செயல்படுகிறது என்பது தெளிவாயிற்று. பாக்டீரியாவின் சவ்வைப் பொதுவாகச் சிதைக்கும் பொருள் என்றே அதுவரை அதைக் கருதினர். பாஸ்டனில் ஸ்டூவர்ட் லெவி குழுவினர், அது குறிப்பாக ஒரே ஒரு நொதியைத் தடுக்கிறது என்று காட்டினர். இனாயில் ரிடக்டேஸ் என்னும் அந்நொதி, கொழுப்பு அமில ஆக்கத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இறுதிப் படியை முடிப்பது.

இவ்விரு செய்திகளும் பெங்களூரில் சந்தித்தன. அன்றைய இந்தியச் சூழலை நினைவிற்கொண்டால்தான் அச்சந்திப்பின் எடை புரியும். 1960களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்திருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. 1973இல் அசாமில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் முதன்முதலாக இந்தியாவில் பதிவாயிற்று. மலிவான, பாதுகாப்பான புதிய மருந்து ஒன்றன் தேவை இந்நாட்டில் ஏட்டளவுச் செய்தி அன்று.

ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் நமிதா சுரோலியாவும் இந்திய அறிவியல் கழகத்தின் அவதேஷ் சுரோலியாவும் 2001 பிப்ரவரியில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் அக்கட்டுரையை வெளியிட்டனர். குருதிநிலை ஒட்டுண்ணி கொழுப்பு அமிலத்தைத் தானே ஆக்குகிறது என்று கதிரியக்கக் குறியிட்ட அசிட்டேட்டைக் கொண்டு காட்டினர். ட்ரைக்ளோசான் குடுவையில் ஃபால்சிபாரத்தைக் கொன்றது. எலிகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் பெர்கெய் தொற்றிய எலிகளுக்கு அதை ஊசியில் செலுத்தியபோது அவை பிழைத்தன. ஒட்டுண்ணியின் இனாயில் ரிடக்டேஸைத் தனித்துப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, ட்ரைக்ளோசான் அதையும் தடுத்தது. அமெரிக்காவில் ரீமா மெக்லியாட் குழுவினரும் அதே ஆண்டில் இதையொட்டிய முடிவுகளை வெளியிட்டனர். ஹோல்ஸின் தொகுப்பு கூறிய ‘களவு’ முழு உண்மை அன்று என்பது தெளிவாயிற்று. 2002இல் ஃபால்சிபாரத்தின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தபோது, அதிலும் இரண்டாம் வகை நொதிகளே காணப்பட்டன. பல நாட்டு ஆய்வகங்கள் இந்நொதிக்கான தடுப்பான்களைத் தேடத் தொடங்கின.

இங்கே சற்று நின்று, கட்டுரையின் தருக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ட்ரைக்ளோசான் ஒட்டுண்ணியைக் கொல்கிறது: இது உண்மை. ட்ரைக்ளோசான் ஒட்டுண்ணியின் இனாயில் ரிடக்டேஸைத் தடுக்கிறது: இதுவும் உண்மை. ஆகவே அந்நொதியைத் தடுப்பதால்தான் ஒட்டுண்ணி மடிகிறது: இது உய்த்துணர்வு. அன்றிருந்த சான்றுகளுக்கு மிகவும் பொருந்திய உய்த்துணர்வு, எனினும் உய்த்துணர்வுதான்.

அதை நேரடியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு: அம்மரபணுவையே நீக்கிவிட்டு ஒட்டுண்ணி பிழைக்கிறதா என்று பார்ப்பது. ஃபால்சிபாரத்தில் மரபணு நீக்கம் அக்காலத்தில் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. 2008 டிசம்பரில் நியூயார்க்கின் டேவிட் ஃபிடாக் உள்ளிட்ட குழுவினர் அதைச் செய்து முடித்த செய்தி வந்தது. இனாயில் ரிடக்டேஸ் மரபணு நீக்கப்பட்ட ஃபால்சிபாரம் சிவப்பணுக்களில் இயல்பாகவே வளர்ந்தது. ட்ரைக்ளோசானின் குருதிநிலை இலக்கு அந்நொதி அன்று என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். இல்லாத பூட்டை உடைத்து ஒருவன் வீட்டுக்குள் நுழைய முடியாதல்லவா?

ஆனால் அக்கட்டுரை அத்துடன் நிற்கவில்லை. மலேரியா ஒட்டுண்ணி கொசுக்கடி வழியே உடலுக்குள் வந்ததும் முதலில் சேர்வது கல்லீரலில். மனிதரில் ஏறத்தாழ ஒரு வாரம் அங்கே ஒசையின்றி வளர்கிறது. அதன்பின்னரே குருதிக்கு வருகிறது. இந்நொதி இல்லாத பெர்கெய் ஒட்டுண்ணிகள் கல்லீரல் அணுவுக்குள் நுழைந்தன, வளர்ந்தன. ஆனால் பெரும்பாலானவற்றால் இறுதிக் கட்டத்தைத் தாண்டிக் குருதிக்குள் செல்லும் சேய்களை ஆக்க முடியவில்லை. 2009இல் சியாட்டிலின் ஸ்டீஃபன் கப்பே குழுவினர், மற்றோர் எலி ஒட்டுண்ணியான யோயலியில் இவ்வழித்தடத்தின் வேறு நொதிகளை நீக்கியும் அதே முடிவை எட்டினர்: கொழுப்பு அமில ஆக்கம் கல்லீரல் நிலையின் இறுதியில் மட்டுமே இன்றியமையாதது.

ஏன் அங்கே மட்டும்? சிவப்பணுவில் தேவை சில பத்துச் சேய்களுக்கான சவ்வு. சுற்றிலும் ஓடும் குருதிநீர் அதற்கு வேண்டிய கொழுப்பைத் தருகிறது. கல்லீரலில் ஒரே ஓர் ஒட்டுண்ணி பல்லாயிரம் சேய்களாகப் பிரிகிறது. அத்தனை உறைகளுக்கும் ஒரே நேரத்தில் கொழுப்பு வேண்டும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அன்றாடச் சமையலை ஓட்டிவிடலாம். திருமணப் பந்திக்கு அது போதாது. இவ்வாறே பலரும் விளக்குகின்றனர்.

இந்த அறிவு வீணாகவில்லை. கல்லீரலின் இறுதிக் கட்டத்தில் தானே மடியும் ஒட்டுண்ணி, நோயைத் தராமல் நோயெதிர்ப்பை மட்டும் தூண்டும். அவ்வாறு மரபணு நீக்கிய யோயலியைத் தடுப்பூசியாகச் செலுத்திய எலிகளில் வலிமையான பாதுகாப்பு கிடைத்தது என்று 2011இல் கப்பே குழுவினர் தெரிவித்தனர். அதே உத்தியை மனித ஒட்டுண்ணியில் செய்ய முனைந்தபோது மீண்டும் ஒரு திருப்பம். இதே வழித்தடத்தை இழந்த ஃபால்சிபாரத்தால், கொசுவின் வயிற்றுக்குள்ளேயே தொற்றுநிலை உயிரிகளை ஆக்க முடியவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கொசுவைத் தாண்டாத உயிரியிலிருந்து தடுப்பூசி செய்ய இயலாது. எலி ஒட்டுண்ணிக்குப் பொருந்தியது மனித ஒட்டுண்ணிக்கு அப்படியே பொருந்தவில்லை. அங்கும் ஒரு ‘ஆகவே’ தவறிற்று.

அவ்வாறாயின் குருதிநிலையில் அபிகோபிளாஸ்ட்டின் பணிதான் என்ன? 2011இல் எலன் யே, ஜோசப் டெரிசி இருவரும், அந்நுண்ணுறுப்பையே முற்றிலும் இழந்த ஃபால்சிபாரத்தை, ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட் என்னும் ஒரே பொருளை ஊட்டிக் குருதியணுவில் உயிருடன் வைத்தனர். அங்கே அதன் தலையாய கடமை கொழுப்பு அமில ஆக்கம் அன்று, ஐசோபிரினாய்டு ஆக்கமே என்பது உறுதியாயிற்று.

ட்ரைக்ளோசான் குருதிநிலை ஒட்டுண்ணியைக் கொல்வது எவ்வாறு என்ற கேள்வி எஞ்சியது. 2018இல் கேம்பிரிட்ஜில் எலிசபெத் பில்ஸ்லாண்ட், ஸ்டீவ் ஆலிவர் முதலியோர் ‘ஈவ்’ என்னும் ஆய்வு இயந்திரத்தின் துணையுடன் ஒரு விடை கண்டனர். அது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியையும் தடுக்கிறது. மலேரியாவுக்குப் பழைய மருந்தான பைரிமெத்தமின் தாக்குவதும் அந்நொதியையே. பைரிமெத்தமினை எதிர்க்கக் கற்றுக்கொண்ட நொதியையும் ட்ரைக்ளோசான் தடுத்தது. 2001இல் பெங்களூரில் எலிகள் பிழைத்தது கண்மயக்கன்று. காரணம் மட்டும் வேறொரு கதவின் பின் இருந்தது.

பெங்களூரிலேயே இதற்கு இணையான மற்றொரு வரலாறும் உண்டு. 1992இல் நமிதா சுரோலியாவும் கோ. பத்மநாபனும், ஒட்டுண்ணி ஹீம் மூலக்கூற்றைத் தானே ஆக்குகிறது, அது புதிய மருந்து இலக்காகலாம் என்று எழுதினர். 2013இல் அதே பத்மநாபன் பங்கேற்ற குழு, அருண் நாகராஜ் முதல் ஆசிரியராக, பெர்கெய் ஒட்டுண்ணியில் அவ்வழித்தடத்தின் மரபணுக்களை நீக்கிப் பார்த்தது. குருதிநிலையில் அது இன்றியமையாதது அன்று. கொசுவிலும் கல்லீரலிலுமே இன்றியமையாதது. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் முன்வைத்த கருத்தைத் தம் கையாலேயே திருத்தி வெளியிடுவது எளிதன்று. அதை நான் அறிவியல் அறத்தின் உயர்ந்த வடிவமாகக் கருதுகிறேன்.

இப்போது அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2001ஆம் ஆண்டுக் கட்டுரையை நாம் ஏன் படிக்க வேண்டும்? அதன் அளவீடுகள் மறுக்கப்படவில்லை. அவற்றை இணைத்த ஒரு சொல் மட்டுமே மறுக்கப்பட்டது. அந்தச் சொல்லைச் சோதிக்கப் புறப்பட்டவர்களே கல்லீரல் நிலையின் பசியைக் கண்டறிந்தனர். தெளிவாகச் சொல்லப்பட்டதால்தான் அக்கருத்தை மறுக்க முடிந்தது. பட்டும்படாமல் எழுதப்பட்டிருந்தால் மறுப்பதற்கும் ஒன்றுமிராது, கற்பதற்கும் ஒன்றுமிராது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலும் ஒரு தடுப்பான் உண்டு. அது தடுக்கும் நொதி ஒன்று உண்டு. மடியும் அணுக்கள் உண்டு. நேற்றிரவு அவ்வியலைத் திறந்தேன். இரு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஆகவே’ என்று எழுதியிருந்தேன். அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, அம்மரபணுவை நீக்கிப் பார்க்கும் வரை இது உய்த்துணர்வே என்று ஒரு வரி சேர்த்தேன். நெறியாளர் அதை ஏற்பாரா என்பது திங்கட்கிழமை தெரியும்.