குப்பைக்குத் தப்பிய ஒரிஜினல்கள்

இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க நாளிதழ் காமிக்ஸ்களோட ஒரிஜினல் ஓவியங்களைத் தேடித்தேடி வாங்குறவங்க இருக்காங்க. கதைதான் புத்தகமாவே கிடைக்குதே, பழைய அட்டை எதுக்குன்னு கேட்கலாம்.

ஒரிஜினல், அச்சில் வருவதைவிடப் பெரியது. வெளிர்நீலப் பென்சிலில் போட்ட முதல் கோடுகள் பல சமயம் அப்படியே இருக்கும். அந்த நீலம் அச்சுக்கான கேமரா ஃபிலிமில் பதியாது, அதனால் அழிக்கத் தேவையில்லை. திருத்திய இடங்களில் வெள்ளைப் பெயிண்ட். ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே மனசை மாத்திக்கிட்டார்னு பார்த்தாலே தெரியும்.

ஆனா அன்னிக்கு இதுக்கு மதிப்பே கிடையாது. அச்சுக்குப் படம் பிடிச்சாச்சுன்னா வேலை முடிஞ்சுது. தொடர்களைப் பத்திரிகைகளுக்கு விற்கும் சிண்டிகேட்டில் கிடக்கும், இல்லேன்னா குப்பைக்குப் போகும். இன்று மிஞ்சியிருப்பதில் பல, கேட்டு எழுதின வாசகர்களுக்கு ஓவியர்கள் சும்மா கொடுத்தவை.

மில்டன் கேனிஃபை எடுத்துக்குங்க. 1934ல் 'டெர்ரி அண்ட் த பைரேட்ஸ்' தொடங்கினார். சீனாவில் நடக்கும் சாகசக் கதை. போர் வந்ததும் டெர்ரி அமெரிக்க விமானப்படை பைலட் ஆகிறான். கேனிஃபுக்கோ ரத்தக்குழாய் நோய், ராணுவத்தில் எடுக்கவில்லை. 1943 அக்டோபர் 17 ஞாயிறு பக்கத்தில், புதுசா பைலட்டான டெர்ரிக்கு கர்னல் கார்கின் அறிவுரை சொல்கிறார்: உன்னைப் பறக்க வைக்க எத்தனையோ பேர் உழைச்சிருக்காங்க, மறந்துடாதே என்கிற ரீதியில். அந்தப் பக்கம் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே ஏறியது. 1943 முதல் 1946 வரை ராணுவ முகாம் பத்திரிகைகளுக்கு 'மேல் கால்' தொடரைப் பைசா வாங்காமல் வரைந்தார்.

இவ்வளவு செய்தும் டெர்ரி அவருக்குச் சொந்தமில்லை, சிண்டிகேட்டுக்குத்தான். நான் எழுதுற கோட் கம்பெனிக்குச் சொந்தம் மாதிரி. 1946 கடைசியில் டெர்ரியை விட்டுவிட்டு, 1947 ஜனவரியில் தனக்கே உரிமையுள்ள 'ஸ்டீவ் கேன்யன்' ஆரம்பித்தார். டெர்ரியை ஜார்ஜ் வுண்டர் தொடர்ந்து வரைந்தார்.

1977ல் தன் ஓவியங்கள், கடிதங்களை எல்லாம் தான் படித்த ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கேனிஃப் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பில்லி அயர்லாண்ட் கார்ட்டூன் நூலகம்.

கதையின் உரிமை யாரிடமோ இருந்தது. வரைந்தவர் எப்படி யோசித்தார் என்பது இந்த அட்டைகளில்தான் இருக்கு. ஏல விலையெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. நல்ல ஸ்கேன் கிடைச்சா போதும், ராத்திரி முழுக்கப் பார்த்துக்கிட்டிருப்பேன்.