கடலில்லாத் துறைமுகம்

துறைமுகம் என்றதும் அலையும் கலமும் நினைவில் எழும். அலையோசை கேளாத, கலம் ஒன்றும் காணாத துறைமுகமும் உண்டு! மணிப்பூரின் கிழக்குக் கோடியில், பர்மாவின் தமு நகருக்கு எதிரே நிற்கும் மோரே அத்தகையது. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மலைப்பாதை. அதன் முடிவில் எல்லை வாயில்.

அந்த எல்லையை வகுத்தவர் யார்? அங்கு வாழ்ந்த மக்களா? அல்ல! 1834-இல், தமு இருக்கும் காபா பள்ளத்தாக்கை ஆங்கிலேயர் பர்மிய மன்னனுக்கு விட்டுக்கொடுத்தனர். உரிமை கோரிய மணிப்பூர் மன்னனுக்கு ஈடாக மாதம் 500 ரூபாய்! மன்னனுக்குப் பணம் கிடைத்தது. மக்களுக்குக் கிடைத்தது, கேளாமலே போடப்பட்ட கோடு. ஒரே இரத்தம் ஓடும் மலைக்குடிகள் அக்கோட்டின் இருபுறமும் நின்றனர்.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, பசியும் நோயும் துரத்த, பல்லாயிரவர் தமு வழியே நடந்து வந்தனர். தமிழரும் அவர்களில் இருந்தனர். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி; 1964-இல் கடைகள் அரசுடைமை. தலைமுறைகளாய் உழைத்த தமிழர், வெறுங்கையராய்க் கப்பலேறினர். தாயகத்தில் தங்க முடியாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணித் தரைவழியே நடந்தனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். முன்னும் போக இயலாது. பின்னும் செல்ல மனமில்லை. மோரேயிலேயே குடிசை போட்டனர்.

அவர்களிடம் முதல் இல்லை; பர்மிய மொழி இருந்தது. அதுவே முதலாயிற்று! மெய்தி, குக்கி, பஞ்சாபி, நேபாளி எனப் பலரும் கூடிய சந்தை வளர்ந்தது. முகவரி இழந்தோர், வணிகத்தின் முகவரியாயினர்.

சந்தை முந்திற்று, சட்டம் பிந்திற்று. எல்லை வணிக உடன்படிக்கை 1994-இல் கையெழுத்தாயிற்று. 1995 ஏப்ரல் 12-இல் வாயில் முறைப்படி திறந்தது. அனுமதி, முதலில் 22 பொருள்களுக்கு மட்டுமே. கதவை விரற்கடை அளவு திறந்தால், எஞ்சிய சரக்கு காட்டுவழி தேடாதோ? தேடிற்று, கள்ளக் கடத்தல் கொழுத்தது. 2015-இல் பண்டமாற்று முறை முடிந்தது. 2019-இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி, தரைவழித் துறைமுகமாகத் திறக்கப்பட்டது.

பின் நடந்ததென்ன? 2020-இல் தொற்றுநோய் வாயிலை அடைத்தது. 2021-இல் பர்மாவில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் இனப்பகை மூண்டது. மோரேயில் வீடுகள் எரிந்தன. நேற்றுவரை ஒரே தராசில் நிறுத்து விற்றவர், ஒருவரையொருவர் அஞ்சினர்.

தோழர்களே! வாயிலை அரசு கட்டலாம். சாலையை அரசு போடலாம். ஆனால், வாங்குவோனும் விற்போனும் ஒருவரையொருவர் மனிதராகக் காணும் மனத்தை எந்தப் பொறியாளர் கட்டித் தருவார்? அது இல்லையேல் துறைமுகம் வெறும் சுவர்! அது இருந்தபோதோ, குடிசையும் துறைமுகமாயிற்று. மோரே புகட்டும் பாடம் இதுவே.