பாடாது விட்ட மலை: விருந்தினர் தீர்ப்பின் வரலாறு

விருந்தோம்பலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் விருந்தோம்பியவரின் பக்கம் நின்றே எழுதுவர். பாரி தேர் ஈந்தான், பேகன் போர்வை ஈந்தான் என்று கொடுத்தவர் பெருமையை வரிசைப்படுத்துவதில் நமக்குச் சலிப்பே ஏற்பட்டதில்லை. உண்டு சென்ற விருந்தினன் வெளியே போய் என்ன சொன்னான், அவன் சொல் இல்லுடையாரின் வாழ்வை எவ்வாறு ஆக்கிற்று அல்லது கெடுத்தது என்னும் வினாவை நாம் மிகுதியாக எழுப்பியதில்லை. வீட்டின் ஓர் அறையை வழிப்போக்கருக்குச் சில நாள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், விருந்தினர் கைப்பேசித் திரையில் இட்டுச் செல்லும் ஐந்து விண்மீன்களின் வடிவில் அவ்வினா நம் வாயிலுக்கே வந்து நிற்கிறது.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு இது பொருந்தாப் பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஆயின், விருந்து தந்தவரை மதிப்பிட்டு ஊருக்கு உரைப்பதைத் தமிழ் மண்ணில் தொழிலாகவே கொண்டிருந்தவர்கள் பாணரும் பொருநரும் கூத்தரும் புலவருமே ஆவர். பரிசில் பெற்று மீள்பவன், எதிர்வரும் வறியவனுக்கு வழியும் வள்ளலும் காட்டுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், இன்ன நாட்டில் இன்னார் வாயில் அடையாது, சென்றால் இவை கிடைக்கும் என்று சொல்லும் விருந்தினர் சான்றுரைகளே.

அவற்றுள் ஒன்று நம் ஊர்ப் பக்கத்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆயது. கச்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி, திரையன் ஏரி என்னும் பெயரின் திரிபே என்பர். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயர் நம் ஊருக்கு வாய்க்கும் முன்பே இப்பாலாற்றுப் பக்கம் திரையன் பெயரோடு பழகியது என்று கொள்ளலாம். இளந்திரையன் தானும் புலவன். நற்றிணையிலும் புறநானூற்றிலும் (185) அவன் பாட்டுகள் உள. மதிப்பிடப்பட்டவன் மதிப்பிடுவோரின் தொழிலையும் அறிந்தவனாயிருந்தான்.

பெரும்பாணாற்றுப்படையை நாம் வேந்தன் புகழாக மட்டுமே படித்து விடுகிறோம். கச்சிக்கு வரும் முன்பு பாணன் எத்தனை எளியவர் வீடுகளில் உண்கிறான் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கடப்பாரையால் கிளறிச் சேர்த்த புல்லரிசியை நிலத்தில் தோண்டிய உரலில் குற்றி, உவர்க் கிணற்று நீரை உலையாக ஏற்றி, விளிம்பு உடைந்த பானையில் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் இடுவர். ஆயர் குடியிருப்பில் தினைச் சோறும் பாலும் கிடைக்கும். உழவர் இல்லத்தில் வெண்ணெல் அரிசிச் சோறும் கோழிப் பொரியலும் கிடைக்கும். வலைஞர் சேரியில் கள்ளும் சுட்ட மீனும்; அந்தணர் மனையில் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடு ஊறுகாயும். ஒவ்வொன்றையும் புலவர் உள்ளவாறே சொல்லிச் செல்கிறார். எயினர் குடிசையைவிட உழவர் மனை இரண்டு படி உயர்ந்தது என்று எங்கும் எண் இடவில்லை. அந்நிலத்தில் அதுவே உணவு. அதை அவர்கள் மறைக்காமல் இட்டார்கள். உடைந்த வாயுடைய பானையும் பாட்டில் இருக்கிறது. இன்றைய விருந்தினர் ஒருவர் அதைத் ‘தூய்மை’ என்னும் தலைப்பின் கீழ்க் குறித்து ஒரு விண்மீனைக் குறைத்திருப்பார்.

திணைக்கேற்ற அளவுகோல் என ஒன்று அன்று இருந்தது என்பதே இதனாற் பெறப்படுவது. மதிப்பீடு இல்லை என்பதன்று. மதிப்பீடு மிகக் கடுமையாகவே இருந்தது. அக்கடுமை யார் மீது பாய்ந்தது என்பதே நோக்கத்தக்கது. எயிற்றியரைக் குறை சொல்லாத புலவர் மரபு, மலையும் நாடும் உடையவர்களை விட்டு வைக்கவில்லை.

புறநானூற்றின் 151ஆம் பாட்டை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கிருந்த இடத்திற்குப் பெருந்தலைச்சாத்தனார் சென்றார். முன்னவனைத் தழுவிக்கொண்டார், பின்னவனைத் தழுவவில்லை. என்னை ஏன் தழுவவில்லை என்று இளவிச்சிக்கோ கேட்டான். கண்டீரக்கோவின் குடியில் தலைவன் தொலைவு சென்றிருப்பினும் மனையில் உள்ள பெண்டிரே பாடி வந்தார்க்குப் பிடியானையைப் பரிசிலாகத் தருவர். நீயோ நன்னன் வழி வந்தவன். உங்கள் குடி பாடுவார்க்குக் கதவை அடைத்த குடி. அதனால் எம்மவர் உங்கள் மலையைப் பாடாது நீக்கினர் என்பது புலவர் விடை. இளவிச்சிக்கோ செய்த குற்றம் இதில் ஏதும் இல்லை. முன்னோர் அடைத்த கதவுக்காகப் பேரன் தலைமுறை தழுவுதலை இழந்தது. ஒரு தாழ்ந்த மதிப்பீடு எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வச்சத்தை வேந்தரும் அறிந்திருந்தனர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பகைவரை வெல்லேனாயின் என்று வஞ்சினம் கூறும்போது (புறம். 72), மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக என்று தனக்கே சாபமிட்டுக்கொள்கிறான். குடிபழி தூற்றுவதற்கு நிகராகப் புலவர் பாடாமை வைத்து எண்ணப்படுகிறது. பெருஞ்சித்திரனார் செய்ததோ இன்னும் ஒரு படி மேல். இளவெளிமான் சிறிது கொடுத்தபோது அதை மறுத்து நீங்கி, குமணனிடம் யானை பெற்று, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டி, கொடுப்பவரும் உலகில் உளர் என்பதைக் கண்டறிக என்று சொல்லிப் போனார் (புறம். 162). இவரே அதியமான் நெடுமானஞ்சி நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலையும், நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று மறுத்தவர் (புறம். 208). பொருள் குறைந்ததற்காக அன்றி, முகம் காட்டாததற்காக மறுத்தார் என்பது கருதத்தக்கது.

விருந்தளித்தவரும் விருந்தினரை மதிப்பிட வேண்டும் என்ற எதிர்ப்பார்வையும் உண்டு. கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது, புலவர் எல்லாரையும் பொதுவாக நோக்குவதை விடுக என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் எடுத்துரைத்தார் (புறம். 121). இருபக்கமும் ஒருவரையொருவர் எடைபோட்டனர். இருபக்கமும் பெயரும் முகமும் உடையவை.

பிற்காலத்தில் காளமேகம் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பாடிய கதை இவ்வட்டத்தார் அனைவரும் அறிந்தது. பொழுது சாய்ந்தபின் அரிசி வரும், அதைக் குற்றி உலையில் இடுவதற்குள் ஊரார் உறங்கிவிடுவர், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றிவிடும் என்பது வசை. சத்திரத்துக்காரர் பதறி வேண்ட, அச்சொற்களையே மாற்றாமல் பொருளை மாற்றினார் என்பர்: நாட்டில் உணவு அருகிய காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் இட்ட சோற்றின் வெண்மை கண்டு வெள்ளி நாணும். வானத்து வெள்ளி ஒன்றே ஒருவாசிப்பில் குறையாகவும் மறுவாசிப்பில் நிறைவாகவும் ஆயிற்று. கதை உண்மையோ புனைவோ, அதன் உள்ளே ஒரு வழக்கு இருக்கிறது. குறை சொன்னவனைச் சென்று கண்டு கேட்க முடிந்தது. சொன்னவன் மறுபடி பேச இசைந்தான்.

சத்திரங்களைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் போன்றவை மானிய நிலங்களின் வருவாயால் நடந்தன. உண்டவர் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் மறுநாள் அடுப்பு எரியும். அடுத்த விருந்தினன் வந்தால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலையுடையவனுக்கே முந்தைய விருந்தினனின் சொல் உயிர்நிலையாகிறது.

மேலை நாட்டில் இந்த எண்ணும் குறியும் எழுந்த வரலாறு தனி. மரியானா ஸ்டார்க் என்னும் ஆங்கில அம்மையார் 1820இல் வெளியிட்ட பயண நூலில் காணத்தக்க பொருள்களுக்கு ஆச்சரியக்குறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என இட்டார். மிச்செலின் நிறுவனம் 1926இல் உணவகங்களுக்கு விண்மீன் அளிக்கத் தொடங்கி, 1931இல் அதனை மூன்று படிகளாக விரித்தது. அங்கெல்லாம் தீர்ப்புரைப்பவர் பயின்றவர். 2008இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஏர்பிஎன்பி, வீட்டு அறைகளை இணையத்தின் வழி வாடகைக்கு விடுவதற்கு இடம் தந்து, அத்தீர்ப்பைத் தங்கிச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது. தூய்மை, விவரத்தின் துல்லியம், வரவேற்பு, தொடர்பு, இடம், விலைக்கேற்ற பயன் எனத் தனித்தனியே மதிப்பிடலாம். இடத்தை இல்லுடையார் எவ்வாறு மாற்றுவது என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. விருந்தினரும் இல்லுடையாரும் 14 நாள்களுக்குள் ஒருவரையொருவர் மதிப்பிடுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் தாம் எழுதும் வரை காண இயலாதவாறு 2014இல் மாற்றியமைத்தனர். பழிக்குப் பழி வாங்குவதைத் தடுக்கும் இவ்வேற்பாடு நல்லதே. ‘சூப்பர்ஹோஸ்ட்’ என்னும் சிறப்பைப் பெறச் சராசரி 4.8 வேண்டும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கப்படும்.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் செர்வாசும் உடன் ஆய்ந்தோரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அத்தளத்து வீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு நாலரை அல்லது ஐந்து விண்மீன் பெற்றிருப்பதைக் கண்டனர். எல்லாரும் வள்ளல்கள் ஆகிவிட்ட உலகம் அது. தமிழ்ப் புலவர்க்கு இவ்வுலகம் புதிதன்று. பிற்காலத்துப் பிரபந்தங்களில் நாலு காணி நிலமுடைய ஒவ்வொருவரும் கர்ணனாகவும் பாரியாகவும் ஆயினர். புகழ்மொழி நாணயம்போல் தேய்ந்தது. (நம் அணிந்துரைகளில் மகாகவிகள் எத்தனை பேர் என்று இவ்விடத்தில் நான் எண்ணப் போவதில்லை.) எல்லாரும் ஐந்தாக இருக்கும் இடத்தில் ஐந்துக்குப் பொருளில்லை, நான்கு என்பதே வசையாகிவிடுகிறது. ஒன்பது பேர் ஐந்து இட்டு ஒருவர் மூன்று இட்டால் சராசரி 4.8 என எல்லையில் வந்து நிற்கும். இரண்டாவதாக ஒருவர் மூன்று இட்டால் எல்லை கடந்துவிடும்.

காஞ்சியில் என்னிடம் பயின்ற மாணவி ஒருவர், கணவர் தறி நெய்யும் வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைப் பட்டு வாங்க வருவோருக்கும் கோயில் காண வருவோருக்கும் ஓர் இணையத்தளத்தின் வழியே விடுகிறார். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில், “அம்மா, மூணு போட்டுட்டாங்க” என்றார். வீடு நன்று, வீட்டார் நல்லவர்கள், காலையில் தறி ஓசை என்று விருந்தினர் ஒரு வரி எழுதியிருந்தார். ஐந்துக்கு மூன்று என்பது நூற்றுக்கு அறுபது. நம் பல்கலைக்கழகங்களில் அது முதல் வகுப்பு. அவ்விருந்தினரும் முதல் வகுப்பு அளித்ததாகவே எண்ணியிருக்கக்கூடும். அம்மதிப்பெண்ணைப் படிக்கும் இயந்திரத்திற்கு நம் முதல் வகுப்புத் தெரியாது. அதுவரை வந்திருந்தவர் நால்வர். ஏனைய மூவரும் ஐந்து இட்டிருந்தும் அவருடைய சராசரி நாலரைக்கு இறங்கியது.

முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்று அனிச்சத்தை உவமை காட்டிய குறள் (90) நமக்கு மனப்பாடம். இம்மாணவியின் வீட்டில் வாடியவர் விருந்தளித்தவர். பாணன் வறியவன், வள்ளல் உடையவன். ஆகலின் அன்றைய தீர்ப்பு கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது. இன்று கார் வைத்துக்கொண்டு வருபவர் தறி வைத்துப் பிழைப்பவரை மதிப்பிடுகிறார். எண்ணுக்கு வெளியேயும் பாகுபாடு உண்டு. ஆர்வர்டு வணிகப் பள்ளியின் எடெல்மனும் லூக்காவும் நியூயார்க் நகர வீடுகளை ஆய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், ஒத்த தன்மையுடைய வீடுகளுக்கே கறுப்பர் அல்லாதார் ஏறத்தாழ 12 விழுக்காடு மிகுதியாக வாடகை பெறுவதைக் காட்டினர். திரையில் இல்லுடையாரின் புகைப்படம் இருப்பதை அதன் காரணமாகக் கருதினர். பெயரைக் கேட்டவுடன் சாதியைத் தேடும் நம் நாட்டில் இது எவ்வாறு இயங்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இருப்பினும் விருந்தினர் சொல்லே வேண்டாம் என்பதற்கு நான் உடன்படேன். முன்பின் அறியாத ஊரில் தனியே தங்கப் போகும் பெண்ணுக்கு, முன்பு அங்கே தங்கிய மற்றொரு பெண்ணின் வாக்கைவிடத் துணை வேறில்லை. கூத்தராற்றுப்படையாகிய மலைபடுகடாமும் செங்கண்மாத்து நன்னனின் கொடையை மட்டும் சொல்லி நிற்காமல், வழியில் எங்கே பாம்பு உண்டு, எங்கே வழுக்கும், காவலர் கவண்கல் எங்கே பாயும் என்று நெடுக எச்சரிக்கிறது. அதுவும் விருந்தினர் மதிப்பீடே. எச்சரிக்கை சொற்களில் இருந்தது. கேட்டவன் தன் காலுக்கும் தன் துணிவுக்கும் ஏற்ப எடுத்துக்கொண்டான்.

குறை எழுதப்பட்டால் இல்லுடையார் அதன் கீழ் விடை எழுதலாம் என்று அத்தளத்தில் ஒரு வசதி உண்டு. மாணவி என்னை எழுதித் தரச் சொன்னார். காஞ்சியின் நெசவுப் பெருமையெல்லாம் கூட்டி நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இடவில்லை. அதற்கு மாறாகத் தம் வீட்டைப் பற்றிய விவரத்தின் முதல் வரியை மாற்றினார்: ‘இது தறி வீடு. காலை ஏழு மணிக்குத் தறி ஓடத் தொடங்கும்.’ அதைப் படித்துவிட்டு வராமற் போனவர் எத்தனை பேர் என்பதை அறிய அவருக்கு வழியில்லை. அதன்பின் வந்தவர்களில் ஒருவரும் தறி ஓசையைக் குறையாக எழுதவில்லை.