தந்தை உட்கொள்ளும் மருந்தும் தாய் சுமக்கும் கருவும்

விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. அதன்பின் விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நாளத்தில் ஓரிரு வாரங்கள் தங்கி நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆகவே, இன்று கருமுட்டையைச் சேரும் விந்தணு உருவாகத் தொடங்கியது சுமார் மூன்று மாதங்களுக்கு முன்பு. தந்தையின் மருந்து கருவைப் பாதிக்குமா என்ற கேள்வியை இந்தக் கால அளவை விட்டுவிட்டு ஆராய முடியாது. தாய் உட்கொள்ளும் மருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பேறுகாலம் வரை கருவை எட்டக்கூடும். தந்தையின் மருந்துக்கு அந்த வழி இல்லை. அது கருத்தரிப்புக்கு முன் விந்தணுவைத் தாக்க வேண்டும். இல்லையேல், கருத்தரித்த பின் விந்து நீரோடு தாயின் உடலுக்குள் செல்ல வேண்டும். இவ்விரு வழிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே தேவையற்ற அச்சங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

இரண்டாவது வழியின் வலுவின்மையை எளிய கணக்கே காட்டிவிடும். ஒரு மருந்து தந்தையின் இரத்தத்தில் இருக்கும் அதே செறிவில் விந்து நீரிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுறை வெளிப்படும் 3 மில்லி லிட்டரிலுள்ள மருந்து முழுவதும் தாயின் 5 லிட்டர் இரத்தத்தில் கலந்தாலும், அங்கே அதன் செறிவு தந்தையின் இரத்தத்தில் இருப்பதில் 1,600-இல் ஒரு பங்குதான். மிகச் சிறு அளவிலும் கருவைச் சிதைக்கக்கூடும் என்று அஞ்சப்படும் தாலிடோமைடு போன்ற மருந்துகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தாலிடோமைடு விந்து நீரில் கலப்பதால், அதை உட்கொள்ளும் ஆண்கள் ஆணுறை அணிவது கட்டாயம். வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரிபாவிரினை உட்கொள்ளும் ஆண்களுக்கும், சிகிச்சை முடிந்து பல மாதங்கள் வரை கருத்தடை அறிவுறுத்தப்படுகிறது.

முதல் வழியே ஆழ்ந்த ஆய்வுக்கு உரியது. அதிலும் விந்தணுவின் எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்துகளையும், அதன் மரபுப் பொருளைச் சிதைக்கும் மருந்துகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குடல் அழற்சிக்கும் மூட்டு அழற்சிக்கும் தரப்படும் சல்ஃபாசலசின் எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதங்களில் நிலைமை சீராகும். தசை வளர்ச்சிக்காக இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடக்கூடும். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடும் ஊசியே குழந்தைப்பேற்றைத் தடுக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. இவற்றால் கருத்தரிப்பு தள்ளிப்போகும். உருவான கரு ஊனப்படும் என்பதற்குச் சான்று இல்லை.

புற்றுநோய்க்குத் தரப்படும் சைக்ளோஃபாஸ்பமைடு இரண்டாம் வகை. 1985-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வில், இம்மருந்து பெற்ற ஆண் எலிகளின் இனப்பெருக்கத் திறன் குன்றவில்லை. ஆனால் அவற்றின் கருக்கள் கூடுதலாக அழிந்தன. தந்தை வழியாக மட்டும்கூட ஒரு மருந்து கருவைக் கெடுக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று. இத்தகைய சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமிக்கச் சொல்வதும், சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் கருத்தரிப்பைத் தவிர்க்கச் சொல்வதும் இன்று ஏற்கப்பட்ட நடைமுறை.

அன்றாட மருந்துகளைப் பற்றிய வாதம் இவ்வளவு தெளிவானதன்று. வலிப்பு நோய்க்கான வால்புரோயேட்டைத் தாய் உட்கொண்டால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு மூளை வளர்ச்சிச் சிக்கலும் வரக்கூடும். தந்தை உட்கொண்டால் என்ன ஆகும்? டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு நடந்த ஆய்வில், கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் தந்தை வால்புரோயேட் உட்கொண்ட குழந்தைகளில் 100-க்கு 5 பேருக்கும், வேறு வலிப்பு மருந்துகளான லாமோட்ரிஜின் அல்லது லெவெடிராசெட்டம் உட்கொண்டவர்களின் குழந்தைகளில் 100-க்கு 3 பேருக்கும் மூளை வளர்ச்சிச் சிக்கல்கள் காணப்பட்டன. இதை வைத்தே ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜனவரியில் ஆண்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. ஆனால் ஒப்பிடப்பட்ட குழுக்களின் குழந்தைகள் கண்காணிக்கப்பட்ட கால அளவு ஒன்றாக இல்லை. அதே ஆண்டில், 12 இலட்சம் டென்மார்க் குழந்தைகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. எனவே முகமையின் அறிவிப்பு முன்னெச்சரிக்கை மட்டுமே. தீங்கு நிறுவப்பட்டதாக அதைப் படிப்பது பிழை. கருத்தரிப்பைத் திட்டமிடும் ஆண் மருத்துவரோடு மாற்று மருந்து பற்றிப் பேசலாம். தானாக மருந்தை நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினின் கதை இன்னும் படிப்பினை தருவது. 2022-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், விந்தணு உருவாகும் மூன்று மாதங்களில் தந்தை அதை உட்கொண்டிருந்த குழந்தைகளில் 5.2 விழுக்காட்டினருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. பொது அளவு 3.3 விழுக்காடு. செய்தி உலகெங்கும் பரவியது. 2024-இல் நார்வேயிலும் தைவானிலும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தவர்கள், தந்தையின் நோய், வயது போன்ற காரணிகளைக் கணக்கில் எடுத்ததும் அத்தொடர்பு மறைந்ததைக் கண்டார்கள். கட்டுக்கடங்காத நீரிழிவே விந்தணுவைக் கெடுக்கும். மருந்தை உட்கொள்பவர் அந்த நோயையும் உடையவர் என்பதை மறந்தால், நோயின் குற்றம் மருந்தின் தலையில் விழும்.

தடுப்பூசிகளில் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் 45 ஆண்களின் விந்தணுவைப் பரிசோதித்து மியாமி பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் எந்தக் குறைவும் இல்லை. 2,126 தம்பதியரைப் பின்தொடர்ந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வும் தடுப்பூசி கருத்தரிப்பைக் குறைக்கவில்லை என்றது. அண்மையில் கொரோனாத் தொற்று வந்த ஆண்களிடம்தான் தற்காலிகக் குறைவு தெரிந்தது. காய்ச்சல் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கும் என்பது முன்பே அறிந்ததே.

ருபெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. அதைப் போட்டுக்கொண்ட பெண் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஆணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மனைவி கருவுற்றிருக்கும்போதும் கணவர் அதைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வதே நல்லது. கருவின் கண், காது, இதயம் மூன்றையும் பாதிக்கும் ருபெல்லா வீட்டுக்குள் நுழையும் ஒரு வழி அதனால் அடைபடும். பருவமடைந்த ஆணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் விரை அழற்சி ஏற்பட்டு விந்தணு குறையலாம். அதற்கான தடுப்பூசி தந்தையாகும் திறனையே காக்கிறது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசிகளுக்கு இடம் உண்டு, பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசிக்கு இல்லை. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசியைத் தனியே கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.