எழுதுவதும் பாடுவதும் ஒருவரே: தெருக்குரல் அறிவின் தொடக்க ஆண்டுகள்

தெருக்குரல் அறிவு என்று அறியப்படும் அறிவரசு கலைநேசன் அரக்கோணத்துக்காரர். சொந்தமாகப் பாட்டெழுதி, அதைத் தானே பாடும் இளம் தமிழ்ப் பாப் கலைஞர்களில் 2018க்கும் 2022க்கும் இடையே மிக அதிகம் பேசப்பட்டவர் இவர். அந்த ஐந்தாண்டுகளில் நடந்தவை புரிய வேண்டுமானால், அவருக்கு முன்பு சென்னையிலும், அதன் மேற்கே ஆவடி, சேக்காடு, திருநின்றவூர், திருவள்ளூர் என்று அரக்கோணம் வரை நீளும் ஊர்களிலும் பாட்டுக் கட்டியவர்களின் தொழில் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ராயபுரத்திலிருந்து இந்த ஊர்கள் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1 அன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை அது. பாட்டு விற்றுப் பிழைத்தவர்களுக்கு ரயிலும் ஒரு சந்தை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் மலிவான தாளில் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் அச்சாகி வந்தன. வெள்ளம், பஞ்சம், கொலை, ரயில் விபத்து, தலைவர்களின் சிறைவாசம் என்று ஊர் எதைப் பேசுகிறதோ அது அடுத்த சில நாள்களில் பாட்டாகிவிடும். முச்சந்தியிலும் சந்தையிலும் ரயில் பெட்டியிலும் பாடிக் காட்டித்தான் அவற்றை விற்றார்கள். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றைத் திரட்டி ஆராய்ந்து ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டார். புலவர்கள் மதிக்காத இந்தப் பாட்டுக்காரர்கள் தங்கள் பெயரைப் புத்தகத்தின் அட்டையிலும், பல நேரங்களில் பாட்டின் கடைசி அடியிலும் பொறித்துவைத்தார்கள். பாட்டு யாருடையது என்ற கேள்வி அப்போதே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அச்சுக்குப் போகாத இன்னொரு மரபு கானா. துறைமுகம், ரயில்வே, ஆலைகள் ஆகியவற்றில் உழைத்த வடசென்னை மக்களிடம் வளர்ந்து, குடியிருப்புகள் மேற்கே பரவியபோது அம்பத்தூர், ஆவடிப் பக்கமும் வந்து சேர்ந்தது. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவது அதன் முக்கியமான வடிவம். மரண கானா என்பார்கள். பாடகர் இறந்தவரின் பெயர், வேலை, பிள்ளைகள், பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் உறவினரிடம் கேட்டுக்கொள்வார். பிறகு தெரிந்த மெட்டில் அவற்றை இருந்த இடத்திலேயே வரிகளாகக் கோத்துவிடுவார். பக்கத்தில் சட்டியும் கட்டை மோளமும் ஒலிக்கும். எழுதுபவர் வேறு, பாடுபவர் வேறு என்ற பிரிவினைக்கே அங்கு இடமில்லை. ஆனால் விடிந்ததும் அந்தப் பாட்டும் போய்விடும். மனத்தில் நின்ற வரிகள் வாய்மாறி வாய்மாறி இன்னொருவர் பாட்டாகும். முதலில் கட்டியவர் பெயர் மறையும். ஒலிநாடா வந்த பிறகு சில கானா பாடகர்களின் பெயர்கள் நிலைத்தன. மற்றவர்கள் தங்கள் பேட்டைக்குள்ளேயே புகழ்பெற்று அங்கேயே மறைந்தார்கள்.

சினிமா இந்த வேலையை மூன்றாகப் பிரித்தது. தமிழ்ப் பேசும் படங்களின் தொடக்கத்தில் பாபநாசம் சிவன் போன்றவர்கள் எழுதவும் மெட்டமைக்கவும் பாடவும் வல்லவர்களாக இருந்தார்கள். 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் பயன்பட்ட பிறகு நடிப்பும் பாட்டும் பிரிந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பின்னணிப் பாடகர் என்பவை தனித்தனித் தொழில்களாகிவிட்டன. தமிழில் வெகுமக்கள் இசை முழுவதும் சினிமா இசையாகவே இருந்ததால், ஒருவரே மூன்றையும் செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய அடைபட்டது. ஜெர்மனி போன்ற நாடுகளில் சொந்தப் பாட்டோடு வரும் இளைஞரைத் தேடிப்பிடித்து இசைத்தட்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. வானொலியும் தொலைக்காட்சிப் போட்டிகளும் அவரை வளர்த்தெடுத்தன. தமிழ்நாட்டில் இசைத்தட்டு நிறுவனங்களின் கண் படத்தின் மீதே இருந்தது. சொந்தப் பாட்டு வைத்திருந்தவருக்குக் கட்சி மேடை, பக்தி மேடை, கூத்து, கானா இவைதான் கதி.

இந்த அடைப்பில் முதல் விரிசல் ராப் இசையால் ஏற்பட்டது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் சென்னைப் பேச்சை ராப் நடையில் ஒலிக்கவைத்தார். சினிமாவுக்கு வெளியே அதை நிலைநிறுத்தியவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் வரை பரவியது. 2012இல் கோவையைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழாவின் முதல் தொகுப்பு வந்தது. தன் வரியைத் தானே எழுதாத ராப் பாடகருக்கு அந்தக் கலைக்குள் மதிப்பில்லை. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்த அந்த வழக்கம், சினிமா பிரித்துவைத்த எழுத்தையும் குரலையும் தமிழில் மறுபடி ஒருவரிடம் சேர்த்தது.

அறிவு வளர்ந்த வீட்டில் பாட்டு வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தது. அவருடைய பெற்றோர் ஆசிரியர்கள். 1990களில் தமிழ்நாடு முழுவதும் எழுத்தறிவைக் கொண்டுசென்ற அறிவொளி இயக்கத்தில் பங்கேற்றவர்கள். அந்த இயக்கத்தின் தொண்டர்கள் வீதி நாடகமும் பாட்டும் கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்களுக்குப் புரியும் சொல்லில், கூடிப் பாடும் மெட்டில், ஒரு செய்தியை ஏற்றிச் சொல்லும் பயிற்சி அது. அறிவின் பிற்காலப் பாட்டுகளில் கூட்டமாகத் திருப்பிப் பாடக்கூடிய அடிகள் நிறைந்திருப்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம்.

இன்னொரு ஊற்று அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள், 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று முடிவு செய்தது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பி’ வந்தார்கள். நிலமும் இல்லை, தெரிந்த வேலையும் இல்லை. பாட்டியின் பேச்சிலும் ஒப்பாரியிலும் இருந்த அந்த இழப்பு பேரனின் எழுத்துக்கு நெடுநாள் பொருளாயிற்று.

அறிவு கோவையில் பொறியியல் படித்தார். பிறகு மேலாண்மையும் படித்தார். மேடைக்கு அவரைக் கொண்டுவந்தது இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி. ரஞ்சித் ஆவடிக்கு அப்பாலுள்ள கரலப்பாக்கத்துக்காரர். அவருடைய முதல் படமான ‘அட்டகத்தி’ (2012) புறநகரின் மேற்கு ஓரத்து இளைஞர்களைப் பற்றியது. கானா பாலாவின் குரலைத் தமிழகம் முழுவதும் கொண்டுபோனதும் அதுவே. 2017இன் இறுதியில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து கானா, ராப், ராக் பாடக்கூடியவர்களைத் தேர்வு செய்து ஒரு குழு அமைத்தன. அதுதான் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். சாதிபேதமற்றவர் என்ற அடையாளத்தை முன்வைத்த அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடையேறியது. பத்தொன்பது பேர், சட்டியும் பறையும் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மேடையில். கானா பாடும் பெண்ணாகப் பின்னர் பிபிசியின் 2020ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணியும் அவர்களில் ஒருவர். சாவு வீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்ட கருவிகள் சென்னையின் மார்கழி இசைக் காலத்திலேயே பெரிய மேடையில் ஒலித்தது, அதைச் செய்தவர்கள் கருதியதைவிடவும் பெரிய மாற்றம் என்று இப்போது தெரிகிறது. இட ஒதுக்கீடு, சாதி, மாட்டிறைச்சி, அம்பேத்கர் என்று பாட்டுகள் நேரடியாகப் பேசின. அறிவு அந்தக் குழுவின் ராப் குரலாகவும் பாடலாசிரியர்களில் ஒருவராகவும் நின்றார்.

அதே ஆண்டு ஜூனில் வெளியான ரஞ்சித்தின் ‘காலா’வில் ‘உரிமையை மீட்போம்’ பாட்டை எழுதினார். ரஜினிகாந்த் படத்தில் எழுதக் கிடைத்த இடம் எந்தப் புதிய பாடலாசிரியருக்கும் பெரியது. ஆனால் அறிவு அதோடு சினிமாவுக்குள் அடங்கிவிடவில்லை. 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார். அது அவர் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. 2018 மே 22 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த ஸ்னோலினின் பெயரில் ஒரு பாட்டு அதில் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. நாடு பேசிக்கொண்டிருப்பதைச் சில நாள்களில் பாட்டாக்கித் தெருவுக்குக் கொண்டுவரும் இந்த வேகம் குஜிலிப் பாட்டுக்காரர்களுடையது. அச்சுக்கும் ரயில் பெட்டிக்கும் பதிலாக யூடியூப் இருந்தது. அவருடைய தொடக்க ஆண்டுகளில் மிக வலிமையான எழுத்து இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் வந்த ‘மாஸ்டர்’ படப் பாட்டுகளில் ‘வாத்தி ரெய்டு’ அறிவு எழுதியது. இசையமைப்பாளர் அனிருத்தோடு சேர்ந்து பாடியதும் அவரே. அதே படத்தின் ‘வாத்தி கம்மிங்’ பாட்டை எழுதிய கானா பாலச்சந்தரும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவிலிருந்து வந்தவர். இரண்டே ஆண்டுகளில் கீழ்ப்பாக்கம் மேடையின் ஆட்கள் தமிழ் சினிமாவின் நடுவில் இருந்தார்கள்.

பிறகு ‘எஞ்சாயி எஞ்சாமி’. ஏ. ஆர். ரஹ்மான் ஆதரவில் தொடங்கிய மாஜ்ஜா என்ற தளத்தின் வழியே 2021 மார்ச் 7 அன்று அது வெளியானது. பாடியவர்கள் பாடகி தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காட்சியாக்கம் அமித் கிருஷ்ணன். வள்ளியம்மாளின் கதையும் நிலமற்றவர்களின் உழைப்பும் உழவர் வீட்டுப் பேச்சும் ஒப்பாரியும் கலந்த பாட்டு, சில மாதங்களிலேயே யூடியூபில் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டியது. சினிமாவில் இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு குழந்தைகள் வாய்வரை போய்ச்சேர்ந்ததற்கு முன்மாதிரிகள் மிகக் குறைவு.

அந்தப் புகழே உரிமைச் சிக்கலையும் கிளப்பியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் உள்படப் பலர் கண்டித்தார்கள். பின்னர் அந்த இதழ் அறிவுக்கென ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார். சில நாள்களில், பாட்டை மெட்டமைத்ததும் எழுதியதும் பாடியதும் தானே என்று அவர் அறிக்கை விட்டார். மூவரும் சேர்ந்து உருவாக்கியது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் அளித்தார். தீயும் தன் தரப்பைச் சொன்னார். பாட்டிலிருந்து தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்.

2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாததாக ஆக்கியிருக்கிறது. ஆனால் ஒரே அறையில் மூன்று பேர் கூடி வரியும் மெட்டும் ஒலியும் ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்த்தெடுக்கும்போது யார் எதை உருவாக்கினார் என்பதைச் சட்டம் தானாகச் சொல்லாது. வேலை தொடங்கும் முன் எழுதிவைத்துக்கொண்டால்தான் உண்டு. அந்த வழக்கம் சினிமாவுக்கு வெளியே உள்ள தமிழ்ப் பாட்டுலகில் இன்னும் வேரூன்றவில்லை.

இந்தச் சர்ச்சையோடு அறிவின் தொடக்கக் காலம் முடிந்தது எனலாம். அதன்பின் ‘தி அம்பாசா’ என்ற சொந்தக் குழுவோடு மேடையேறினார். 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற தொகுப்பைத் தன் பெயரிலேயே வெளியிட்டார்.