மூச்சுக் கருவிக்குள் புகுந்த தூசி

ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நெபுலைசரைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பெட்டி, ஒரு குழாய், ஒரு மாஸ்க். மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கும். அது மருந்தை மட்டும்தான் கொடுக்கிறதா?

1778-ல் ஜான் மட்ஜ் என்ற இங்கிலாந்து மருத்துவர், மூடி போட்ட குவளையில் குழாய் வைத்து ஆவி பிடிக்கும் சாதனத்துக்கு 'இன்ஹேலர்' என்று பெயர் வைத்தார். பிற்பாடு ரப்பர் பந்தை அழுத்தும் கண்ணாடி நெபுலைசர்கள் வந்தன. கீழே விழுந்தால் அவ்வளவுதான்! 1955-ல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மைசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள், ஹேர் ஸ்ப்ரே மாதிரி தன் மருந்தும் ஏன் டப்பாவில் வரக்கூடாது என்று கேட்டாள். அடுத்த வருடமே பாக்கெட்டில் வைக்கும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

கருவி இப்படி வளர, அது எதை ஏந்திச் செல்கிறது என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. 1965-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, ஆஸ்பத்திரி நெபுலைசர்கள் பாக்டீரியாவையும் சேர்த்துத் தூவுவதைக் காட்டியது. அதன்பின் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வதில் கவனம் கூடியது.

ஆனால் ஒவ்வாமை வேறு கதை. 1964-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட் குழுவினர், வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிதான் என்றார்கள். அதன் எச்சத்தில்தான் ஒவ்வாமைப் புரதம் அதிகம் என்பது 1981-ல் தெரிந்தது. 1997-ல் 8 அமெரிக்க நகர்ப்பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை ஆராய்ந்தபோது, பாதிப் படுக்கையறைகளின் தூசியில் கரப்பான் பூச்சியின் ஒவ்வாமைப் பொருள் அதிக அளவில் இருந்தது.

நெபுலைசர் வேலை செய்வது அந்தப் படுக்கையறையில்தானே? அதன் மோட்டார் உறிஞ்சுவது அறைக் காற்றைத்தான். நடுவில் இருப்பது ஒரு சின்ன ஃபில்டர். மாஸ்க்கோ மெத்தை மேலேயே கிடக்கும்.

கிருமி செத்தால் தொல்லை தீர்ந்தது. ஒவ்வாமைப் புரதத்துக்கு உயிரே கிடையாது, சாகடிக்க முடியாது. செத்த கரப்பானின் துணுக்குகூட இழுப்பைக் கிளப்பும். ஆகவே கிருமிநாசினி மட்டும் போதாது, கழுவி அகற்ற வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்தே வரவும் வாய்ப்புண்டு. சில பவுடர் இன்ஹேலர்களில் மருந்தோடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலப்பார்கள். அதில் பால் புரதம் ஒட்டியிருந்ததை 2004-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வுக்குக் காரணம், பால் ஒவ்வாமை இருந்த ஒரு சிறுவனுக்கு இன்ஹேலரை இழுத்தபின் வந்த பாதிப்பு.

ஆஸ்பத்திரியில் கருவியைச் சுத்தம் செய்ய ஆள் உண்டு. வீட்டில் அது அம்மாவின் தலையில்தான் விழுகிறது. மெஷினை விற்கும்போது கூடவே இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுக்கலாம்: மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைத்து மூடி வையுங்கள், ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்றுங்கள். விலைப்பட்டியலில் ஏறாத இந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குழந்தையின் மூச்சு இருக்கிறது.