இலவசமாய் வந்த போர்க்கப்பல்

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் 'சங்க் காஸ்ட்' பாடம் நடந்தபோது எனக்கு ஒரு கப்பல்தான் ஞாபகம் வந்தது.

1997-ல் பழைய விக்ராந்த் ஓய்வு பெற்றதும் நம் கடற்படைக்கு மிஞ்சிய ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விராட். அதுவும் 1959-ல் பிரிட்டன் கடற்படையில் சேர்ந்த கிழம்! புதிதாய்க் கட்டப் பல வருஷம் ஆகும். ரஷ்யாவோ, தான் ஓரங்கட்டிய 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' கப்பலைத் தர முன்வந்தது. கப்பல் இலவசம் (ஆமாங்க, நிஜமாகவே). மாற்றியமைக்கும் செலவு மட்டும் நம்முடையது. 2004-ல் அதற்கு 97.4 கோடி டாலர் பேசி, மிக்-29கே விமானங்கள் 16-ஐயும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். 2008-ல் கப்பல் வரவேண்டும்.

வரவில்லை. வேலையை எடுத்த செவ்மாஷ் தளம் நீர்மூழ்கி கட்டிப் பழகிய இடம். வேலை இழுத்தது, பேரமும் இழுத்தது. 2010-ல் விலை சுமார் 235 கோடி டாலர்!

'கொடுத்த பணம் போகட்டும்' என்று விலகியிருக்கலாமே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாடத்தில் வேறு வழி ஒன்று எப்போதும் இருக்கும். இங்கே விராட்டுக்குப் பின் கையில் எதுவுமே இல்லை. அது ரஷ்யாவுக்கும் தெரியும்.

2013 நவம்பரில் விக்ரமாதித்யா என்ற பெயரில் நம்மிடம் வந்தது. விமானம் மேலெழும்ப அதன் முனையில் வளைந்த மேடை. 2022-ல் சேர்ந்த, கொச்சியில் கட்டிய புது விக்ராந்திலும் அதே மேடை, அதே மிக். 2025-ல் 26 ரஃபேல்-எம் வாங்க ஒப்பந்தம் ஆனது. அதையும் 2022-லேயே கோவாவில் இதேபோன்ற மேடையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.